தொட்டிக்காரர் நின்ற சாலை

மாலை ஆறே முக்கால் மணி. தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு சாலை. ஒரு பக்கம் நீளச் சுவர், மறுபக்கம் புதர். ஆள் நடமாட்டமே இருக்காது… கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சத்தம் போட்டுச் சொல்கிற விஷயமில்லை இது.

என் நண்பனின் பெரியப்பா அந்தத் தொழிற்சாலையில் மேலாளர். இயந்திர உதிரிபாகங்கள் செய்கிற இடம். பாகங்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க, பெரிய தொட்டி ஒன்றில் சூடான கரைப்பான் இருக்கும். அதன் ஆவி தித்திப்பாக மணக்கும். தொண்டையில் போய் உட்காரும். அந்தத் தொட்டியருகே இருபத்திரண்டு வருடம் நின்றவரை எல்லோரும் தொட்டிக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

அவருக்கு முதலில் மோப்பம் போனது. பிறகு வேலை அட்டையில் அவர் எழுதும் எண்கள் எறும்பு போலச் சிறுத்தன. அப்புறம் வலது கை… வேலை செய்யும்போது ஆடாமல் இருக்கும். மடியில் வைத்தால் நடுங்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவது போல உரசிக்கொண்டே இருக்கும். முகம் இறுகிவிட்டது. சிரிப்பில்லை, இமைப்பதுகூடக் குறைவு.

"என்னய்யா முறைக்கிற? குடிச்சிட்டு வந்தியா?" என்றார் மேலாளர்.

"இல்ல சார்…" பாதி வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

டாக்டர் மேலாளருக்குக் கடிதம் எழுதினார். இது பார்க்கின்சன் நோய். மூளையில் அசைவை நடத்தும் செல்கள் சாகின்றன. இனி ஒவ்வொன்றாக என்னென்ன வரும் என்று வரிசையாக எழுதியிருந்தார். வயது, பரம்பரை, சில ரசாயனங்கள் என்று காரணம் பல இருக்கலாம். அந்தக் கரைப்பான் மேல் சந்தேகம் உண்டு. மற்றவர்களையாவது அங்கிருந்து மாற்றுங்கள்.

தொட்டியருகே இன்னும் ஆறு பேர் வேலை செய்தார்கள். பெரியப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். கிழித்துப் போட்டார். குடிகாரன் என்று எழுதித் தொட்டிக்காரரை வேலையை விட்டு அனுப்பினார்.

ஒரு மாதம் கழித்து, கடிதம் என்னவாயிற்று என்று கேட்கத் தொட்டிக்காரர் அந்தச் சாலையில் நடந்து வந்தார். நடு ரோட்டில் கால் உறைந்துவிட்டது. தரையோடு ஆணி அடித்தாற்போல. அந்த நோயில் அப்படி ஆகும். பெரியப்பாவின் கார் வந்தது. ஹாரன் அடித்தார். வேண்டுமென்றே மறிக்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ… ஒடித்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பின்னால் வந்த லாரிக்காரன் கவனிக்கவில்லை.

மூன்று வாரம் போனது. அதே சாலை. கார் வெளிச்சத்தில் நடு ரோட்டில் ஒரு ஆள். முதுகு வளைந்து, கை ஆடாமல்… பெரியப்பா பிரேக் போட்டார். சரக்… சரக்… சரக்… பாதம் தரையை விட்டு எழும்பாத நடை. சின்னச் சின்ன அடி, வரவர வேகமாக. கார்க் கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது. ஆனாலும் அந்தத் தித்திப்பு உள்ளே நிறைந்தது. பக்கத்து இருக்கையிலிருந்து மெல்லிய குரல்.

"மணக்குதா சார்?"

"ம… மணக்குது."

"நல்லா மோந்துக்குங்க. இனிமே எதுவும் மணக்காது."

வீட்டுக்குப் போனால் அடுப்பில் பால் தீய்ந்து ஒரே புகை. "பக்கத்துலயே உட்கார்ந்திருக்கீங்க, மூக்கை அடகு வச்சிட்டீங்களா?" என்று பெரியம்மா சத்தம் போட்டாள். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். கடிதத்தைப் படித்தவர் அவர் ஒருவர்தானே!

வந்தது. ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல். இரண்டாம் வருடம், நடந்ததையெல்லாம் முதலாளிக்கு எழுத உட்கார்ந்தார். முதல் வரி தெரிந்தது. ஐந்தாவது வரி வெறும் புள்ளிகள். தொலைபேசியில் சொல்லிப் பார்த்தார். "சத்தமா பேசுங்க… யாருங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். அந்த ஆறு பேரும் அங்கேயேதான் நின்றார்கள்.

"தொட்டிப் பக்கம் வேலை பார்த்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"என் ரூம் அதுக்கு நேர் மேல, மாடியில…"

"அப்ப ஆவி மேல ஏறியிருக்கலாம்."

எந்த ஆவி என்று பெரியப்பா கேட்கவில்லை.

கால் உறைந்தால் என்ன செய்வதென்று டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். முன்னால் குறுக்கே யாராவது பாதத்தை வைத்தால், அதைத் தாண்டுவதாக நினைத்துக் கால் எழும்பும். நிலைப்படியில் பெரியம்மா அப்படித்தான் அவரைத் தாண்ட வைப்பாள். அவள் இல்லாமல் ஓரடி நகர மாட்டார்.

ஒரு சாயங்காலம் அவள் கூடத்தைத் துடைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். திரும்பி வந்தால் நாற்காலி காலி. என் நண்பன் தெருத் தெருவாக ஓடினான். இரண்டு தெரு தள்ளி, அந்தச் சாலையின் நடுவில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். வண்டிகள் ஒடித்து ஒடித்துப் போயின. அவன் போய்ச் சேர்வதற்குள், ஒரு வண்டி ஒடிக்கவில்லை.

வீட்டில் ஈரத்தரை இன்னும் காயவில்லை. நாற்காலியிலிருந்து வாசல்வரை அவர் பாதங்கள், நல்ல நீள நீள எட்டாக. ஒவ்வொன்றுக்கும் முன்னால், குறுக்கே, இன்னொரு பாதம். பெரியம்மா தன் காலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்…

அது அவள் காலைவிட இரண்டு விரற்கடை பெரிதாக இருந்தது.