துரைசானிக்குச் சாப்பாடு

சப்ரகமுவ மாகாணத்தில் கும்பிடுபூச்சியிடம் கடி வாங்கியும் கையை உதறாத ஒரே மனிதன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் மாத்தையா. வேறு யாரும் போட்டிக்கு வராததால் சொல்கிறேன்.

நீங்கள் கேட்பது மல்லிகா அண்ணி குளவி கொட்டிச் செத்துப்போனதைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். ஆனால் பூச்சியைச் சொல்லாமல் அண்ணியைச் சொல்ல முடியாது. வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கும் கன்னையா அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதுவரை அவருக்கு ஒரு பிளேன்டீ கொடுத்தால் நல்லது. காலையிலிருந்து எதுவும் குடிக்கவில்லை.

கும்பிடுபூச்சியைக் கையில் எடுப்பது பெரிய வித்தை இல்லை. நாம் பிடிக்கக் கூடாது, அதுவாக ஏற விட வேண்டும். உள்ளங்கையை முன்னால் வைத்துப் பின்பக்கம் மெதுவாகத் தொட்டால் நடந்து வந்து ஏறிவிடும். சில வேளை விரலைப் புழு என்று நினைத்துக்கொள்ளும். அப்போது முள்ளுக் கால்களால் இறுக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்து, தோலைக் கொறிக்கும். விஷம் கிடையாது. உதறினால் பூச்சியின் கால் முறியும். அசையாமல் இருந்தால், இது சாப்பாடு இல்லை என்று தெரிந்துகொண்டு அதுவே விட்டுவிடும். நமக்குக் கொஞ்சம் வலி, அதற்கு ஒரு கால். யார் பொறுத்துப்போக வேண்டும் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அம்மா அப்பா இல்லை. என் கூடப்பிறந்த அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். அண்ணிதான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து எனக்குச் சோறு போட்டு, இரத்தினபுரிக்குப் படிக்க அனுப்பிக்கொண்டிருந்தார். வரிசை வீடுகளான தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றைக் காம்பராவில் நான் பூச்சிகளைப் போத்தலில் விட்டு, வாய்க்கு நுளம்புவலை கட்டி வளர்த்தேன். பெரிய பெண்பூச்சிக்குத் துரைசானி என்று பெயர். தோட்டத்துத் துரையின் மனைவியை அப்படித்தான் சொல்வோம். ஓர் ஆண்பூச்சிக்குத் துரை என்று பெயர் வைத்து அதே போத்தலில் விட்டேன். துரைசானி அவரைத் தலையில் ஆரம்பித்து முழுதாகச் சாப்பிட்டுவிட்டார்.

இன்னொரு சின்னது இருந்தது. ஒருநாள் அது திரைச்சீலையில் ஏறி நின்றபோது அண்ணி எடுத்துவிடப் போய்க் கடி வாங்கினார். கையை உதறினார். பூச்சி சுவரில் அடிபட்டுக் கால் முறிந்து, மறுநாள் செத்தது. நான் கோபப்படவில்லை. பீலிக்கரையில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் நேரம் பார்த்து, அண்ணி கையை உதறியதை நடித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"கடிச்சா உதறாம என்ன தம்பி செய்யிறது? நான் என்ன மரக்கட்டையா?" என்றார் அண்ணி.

"இந்த லயத்துல இருக்கிறது பூராவும் உதறுற கைதான் அண்ணி. அதுதான் ஒன்னுமே கையில தங்குறதில்ல."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அண்ணி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் அதை மனதில் வைத்திருந்திருக்கிறார். சில நாள் கழித்து அவராகவே வந்து துரைசானியின் முன்னால் கையை நீட்டினார். அது பெருவிரல் பக்கத்தில் பிடித்துக் கொறித்தது. அண்ணியின் கண்ணில் தண்ணீர் வந்தது, கை அசையவில்லை. "பாத்தீங்களா?" என்றார். மூச்சு கொஞ்சம் சத்தமாக இருந்தது என்று சொன்னேன்.

பிறகு துரைசானிக்கு வயிறு பெருத்தது. முட்டைக்கூடு வைக்கப் போகிற பூச்சிக்கு நிறையச் சாப்பாடு வேண்டும். லயத்தில் எல்லாரும் மருந்து அடித்திருந்தார்கள். கரப்பானை நம்பிக் கொடுக்க முடியாது. மலையில் ஒரு நிழல் மரத்தின் தாழ்ந்த கிளையில் குளவிக்கூடு இருந்தது. நீங்கள் சிங்களத்தில் 'தெபரு' என்று எழுதிக்கொள்ளுங்கள், புரியும். கீழே மழைத்தண்ணீர் ஓடும் கானில் குடிக்க வரும் குளவியைப் போத்தலால் மூடிப் பிடிப்பேன். துரைசானி அதைக் கொடுக்கு படாத மாதிரிப் பிடித்துச் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கூட்டைக் கன்னையா அண்ணனும் கண்டுவிட்டார். எங்கள் தோட்டத்தில் குளவிக்கூட்டைக் கண்டவர் அந்தத் தேயிலை நிரையின் தலைப்பில் சிவப்புத் துணி கட்டுவார். கட்டினால் போதும், வாயால் சொல்லத் தேவையில்லை. கங்காணி துணியைப் பார்த்து ஆட்களை வேறு பக்கம் திருப்புவார், அன்று பொழுதுபடக் கூட்டைக் கொளுத்துவார்கள். கன்னையா அண்ணன் துணியைக் கட்டிவிட்டு ரம்புக்கனையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் அவிழ்த்தேன். கூட்டைக் கொளுத்தினால் துரைசானிக்குச் சாப்பாடு இல்லை. கொழுந்து பறிக்கும் சுற்று அந்தப் பக்கம் வர இன்னும் நாள் இருந்தது. அதற்குள் முட்டை வைத்துவிடும், திரும்பக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் நியாயமான திட்டம்தான். மழையால் சுற்று மாறும் என்பது மட்டும் என் கணக்கில் இல்லை.

அன்று காலை நான் கானடியில் இருந்தபோது பெண்கள் ஏறி வந்தார்கள். ஓரத்து நிரை அண்ணிக்கு. நான் சத்தம் போட்டிருக்கலாம். குளவிக்குச் சத்தம் ஆகாது என்று அப்போது தோன்றியது. இப்போது சொல்கிறேன், அது காரணம் இல்லை. கூடு இருக்கிறது என்று சொன்னால், துணி எங்கே என்று கேட்பார்கள். துணி என் காற்சட்டைப் பையில் இருந்தது.

அண்ணி என்னைக் கண்டுவிட்டார். "இன்னிக்கு கிளாஸ் இல்லியா தம்பி?" என்று கேட்டுக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கூடை கிளையில் பட்டது.

மற்றப் பெண்கள் கீழே ஓடினார்கள். அண்ணிக்கும் ஓட வழி இருந்தது. அவர் என் பக்கம் வந்தார்.

கன்னையா அண்ணன் திரும்பி வந்த பிறகு, துணி கட்டாமல் ஊருக்குப் போனவன் என்று, சாவுக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த என் அண்ணன் அவரை எல்லார் முன்னாலும் அடித்தார். "கட்டுனேனேப்பா" என்று முதல் நாள் சொன்னார். பிறகு, "கட்டுனேனா?" என்று என்னிடமே கேட்டார். ஞாபகம் இல்லை என்றேன். அவரை அனுப்பிவிடுங்கள்.

அண்ணனிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தேன். 'ஓடுங்க தம்பி' என்று அண்ணிதான் என்னைத் தள்ளிவிட்டார் என்று. அண்ணன் அழுதார், ஊர் முழுக்க அதைச் சொன்னார். அதை எழுத வேண்டாம்.

நடந்தது இதுதான். அண்ணி இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குச் சீலையை அவிழ்த்து இரண்டு பேர் தலைக்கும் மேலே போட்டு, என்னைத் தரையோடு அமுக்கினார். உள்ளே இருட்டு. வெளியே குளவி மழை மாதிரி விழுந்தது. சில உள்ளே வந்துவிட்டன. என் கழுத்தில் ஒன்று கொட்டியது. அண்ணிக்கு எத்தனை கொட்டியது என்று தெரியாது, அவர் அசையவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் சொன்னார்:

"உதறாதீங்க தம்பி. அசையாம இருங்க, அதுவா போயிரும். நீங்கதானே சொன்னீங்க."

மூச்சுச் சத்தம்கூட இல்லை.

என் ஒரு கையில் குளவி பிடித்த போத்தல் இருந்தது. அதை விடவில்லை. மற்றக் கையை அண்ணி பிடித்திருந்தார். அவ்வளவு இறுக்கமான பிடியும் இல்லை.

உதறிவிட்டு ஓடினேன்.