மூடி வைத்த டப்பா

பெயர் புஷ்பராணி, கார்த்திகேசுவின் மகள். வயது 39. குடியிருப்பது டத்தோ கிராமாட். வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் கிராணி (எழுத்தர்) வேலை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நானும் என் மகள் பிரஷாந்தியும் (வயது 8) பூங்காவுக்கு ஜியோகேச்சிங் விளையாடப் போனோம். யாரோ ஒரு டப்பாவை ஒளித்து வைப்பார். கைப்பேசி இடத்தைக் காட்டும். கண்டுபிடிக்கிறவர் உள்ளே இருக்கும் பொம்மை ஒன்றை எடுத்துக்கொண்டு, தன்னுடையது ஒன்றைப் போட்டு, நோட்டில் பெயர் எழுதி, டப்பாவை அதே இடத்தில் வைக்க வேண்டும். பிள்ளைகளோடு விளையாட நல்லது என்று சொல்லித் தந்தவர் என்னோடு வேலை செய்யும் லோகேஸ்வரன்.

மர வேருக்கு இடையில் இருந்த டப்பாவை மகள்தான் கண்டுபிடித்தாள். அதன் பிறகு பொம்மை எடுக்க உள்ளே கையை விட்டவள், "அம்மா, குத்திடுச்சு" என்றாள். பொம்மைகளுக்கு அடியில், யாரோ போதைக்குப் போட்டுக்கொண்ட ஊசி காய்ந்த ரத்தத்தோடு கிடந்தது. அதன் பிறகு மகளையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். ரத்தம் எடுத்து, ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். நோய் தொற்றவில்லை என்று சொல்ல மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

அதன் பிறகு நோட்டைப் பார்த்தேன். சனிக்கிழமைத் தேதியில், "பிள்ளைங்களுக்கு ஜாலியான இடம், லோகேஸ்வரன் குடும்பம்" என்று எழுதி, சிரிக்கிற முகம் வரைந்திருந்தது. போன் போட்டுக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஊசி இருந்துச்சுதான், அக்கா. எங்க பிள்ளைங்கள தொட விடல. இருந்த மாதிரியே திரும்ப வைக்கணும், அதான் ரூல் லா."

ஊசியைப் போட்டவன் யாரென்று எனக்குத் தெரியாது. அவனைவிட, அதைப் பார்த்துவிட்டு மூடியை ஒழுங்காக அழுத்தி மூடிய கையை நினைத்தால்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

டப்பா, நோட்டு, ஊசி மூன்றையும் போலீசிடம் ஒப்படைத்துவிட்டேன். இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொண்ட சார்ஜன் சபூரா இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன் நானாகக் கேட்டுச் சேர்த்தது: இரண்டு வாரத்துக்கு முன் கடற்கரை ஓரத்தில் நாங்கள் எடுத்த டப்பாவில், சீழும் ரத்தமும் ஒட்டிய பிளாஸ்திரி ஒன்று கிடந்தது. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். டப்பாவை மூடி, கல்லுக்கு அடியில் இருந்தபடியே வைத்தேன். ஈரத்தாளால் என் கையை இரண்டு முறை துடைத்தேன். அதற்கு முன்பே நோட்டில் எங்கள் பெயரை எழுதியிருந்தேன். அதன் பக்கத்தில் பிரஷாந்தி சிரிக்கிற முகம் வரைந்திருந்தாள். அடுத்து அதைத் திறந்தது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது.

யாரும் வற்புறுத்தாமல் சொன்னேன். இதுவும் உண்மை.

(ஒப்பம்) புஷ்பராணி