அலமாரியில் வைக்கலாம்

கை கழுவ முப்பது விநாடி வேண்டும். பெரும்பாலானவர்கள் பத்து விநாடியில் முடித்துவிடுகிறார்கள். இதைப் பத்தொன்பது வருடமாக எங்கள் ஊரில் சொல்லிவருகிறேன், ஆய்வாளரே. உணவுச் சுகாதார வழிகாட்டி என்பது சம்பளமில்லாத பொறுப்பு. கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

ஜப்பான் முழுக்க வந்த புதுச் சட்டம் எங்கள் அகிதாவிலும் நடைமுறைக்கு வந்த ஜூன் மாதம், சாலையோரச் சந்தையிலிருந்து வீட்டு ஊறுகாய்களை எடுக்கச் சொன்னவன் நான்தான். விற்க வேண்டுமானால் தனிச் சமையலறையும் உரிமமும் வேண்டும். என் எதிர்வீட்டு கிவா அக்கா புகைபோட்ட முள்ளங்கிக் கூடையைத் தூக்கிக்கொண்டே பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னார்: "ஊறுகாய் போலீஸ் வந்துட்டாருடி. முள்ளங்கிக்கு விலங்கு மாட்டிட்டுத்தான் போவாரு."

நவம்பரில், சட்டத்தைத் தளர்த்தும்படி மனுக்கொடுக்க ஊர்க்கூட்டம் போட்டார்கள். கிவா அக்கா எழுந்து என்னைப் பார்த்தார். "நூறு வருஷமா ஊறப்போடுறோம். ஒரு பூனைகூடச் சாகல, செய்ஜி தம்பி. எத வச்சு எங்கள பயமுறுத்துறீங்க?" எல்லோரும் கைதட்டினார்கள்.

அவர் சொன்னது உண்மை. எங்கள் ஊரில் யாரும் சாகவில்லை. அதுதான் எனக்குத் தொந்தரவாக இருந்தது.

விற்கத்தான் தடை. வீட்டில் செய்து தின்னத் தடையில்லை. டிசம்பரில் ஹதஹதா மீன் கரைக்கு வந்ததும் வழக்கம்போல எல்லா வீட்டிலும் மீனையும் சோற்றையும் உப்போடு பீப்பாயில் அடுக்கி, கல் ஏற்றி, பனி உறையும் கொட்டகையில் வைத்தார்கள். ஜனவரியில் கிவா அக்கா என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார். பையிலிருந்து காற்றை உறிஞ்சி ஒட்டுகிற இயந்திரம் ஒன்று புதிதாக வாங்கி, மீன்சோற்றைப் பை பையாக ஒட்டி வைத்திருந்தார்.

"ரத்தக்கொதிப்புன்னு டாக்டர் உப்ப பாதியா குறைக்கச் சொன்னாரு. இவருக்குப் புளிப்பு ஆகாது, வினிகரையும் விட்டுட்டேன். முழங்கால் வலியோட பனியில கொட்டகைக்கு நடக்க முடியல தம்பி. காத்துதான் இல்லையே, கடையில விக்கிற குழம்புப் பை மாதிரி இந்த அலமாரியிலயே வைக்கலாம்ல?"

அலமாரிக்குக் கீழே மண்ணெண்ணெய்க் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. காற்றில்லை, உப்புக் குறைவு, புளிப்பில்லை, நல்ல சூடு. இந்த நான்கும் சேர்ந்தால் நரம்பை முடக்கும் எந்த நச்சுக்கிருமி வளரும் என்பது என் பாடக் கையேட்டின் பன்னிரண்டாம் பக்கத்தில் படத்தோடு இருக்கிறது. பத்தொன்பது வருடத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டது இதுவே முதல் தடவை.

"வைக்கலாம் அக்கா," என்றேன்.

"அப்பாடா! கூடாதுங்கிறத தவிர இன்னொரு வார்த்தையும் தெரியுமா உங்களுக்கு?" என்று சொல்லி எனக்கும் ஒரு பை கொடுத்தார். அதை இரண்டு உறைக்குள் கட்டி, எரிக்கும் குப்பையில் போட்டேன். வேறு யாரும் பாதிக்கப்படக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

இருபது நாள் கழித்து அவர் கணவர் ஹெய்கிச்சிக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. மறுநாள் அக்காவுக்கும் நாக்குக் குழறியது. ஹெய்கிச்சிக்குப் பக்கவாதம் என்று மருத்துவமனையில் நினைத்தார்கள். நான் ஒரு தொலைபேசி அழைப்புச் செய்திருந்தால் அன்றைக்கே முறிமருந்து வந்திருக்கும். ஆனால் பிழைத்துவிட்டால் அதை வயிற்றுக்கோளாறு என்பார்கள். வயிற்றுக்கோளாறுக்குப் பயந்து யாரும் திருந்துவதில்லை. இரண்டு நாள் பொறுத்தேன். ஹெய்கிச்சி இறந்தார்.

அந்தப் பைதான் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்ததும் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இப்போது என்னிடம் கேட்காமல் யாரும் ஒரு பையை ஒட்டுவதில்லை. இதனால் எத்தனை உயிர் பிழைத்தது என்று எந்த அறிக்கையிலும் வராது. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

கிவா அக்காவைப் போய்ப் பார்த்தேன். தொண்டையில் குழாய். இமை தூக்க முடியவில்லை, விரல் அசையவில்லை. மூளைக்கு ஒன்றுமில்லை, பேசுவதெல்லாம் காதில் விழும் என்று நர்ஸ் சொன்னார். நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டு அலமாரி முதல் அந்த இரண்டு நாள் வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஏன் அவசியப்பட்டது என்பதையும் பொறுமையாக விளக்கினேன்.

அக்கா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.