எண்பது கெஜம்

அண்ணி, போன வாரம் நீங்கள் கொடுத்தனுப்பிய கொள்ளு ரச டப்பாவைக் கழுவி வைத்துவிட்டேன். சண்முகப்ரியா கொண்டுவந்து தருவாள். நானே வரவில்லை என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வரிசையாகச் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு வில்லில் பெரிய ஆசை கிடையாது. நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். மற்றவர்கள் இருபது கெஜத்தில் நின்று அடிப்பார்கள். நான் எண்பதுக்குப் போய் நிற்பேன். கை நூலளவு நடுங்கினாலும் இருபதில் தெரியாது. எண்பதில் அம்பு அட்டையை விட்டே வெளியே போய்விடும். மூச்சு, விரல், காற்று எல்லாவற்றின் குற்றமும் அந்தத் தூரத்தில்தான் வெளியே வரும். இரண்டு கோடைக்காலம் விடாமல் பழகினேன். அண்ணன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தபடி எண்ணுவார்.

"பத்துக்கு எட்டு, நஞ்சப்பா. இந்த மான்மவுத் ஜங்ஷன் ஊரு மானெல்லாம் வீட்டைக் காலி பண்ணோணும் போல."

எதற்கு இந்தப் பாடு என்றால், மான் வதைபடக் கூடாது. சரியான இடத்தில் ஒரே அம்பு விழுந்தால் அதற்கு என்ன ஆனதென்றே தெரியாது. எண்பதில் பழகு, முப்பதுக்குள் அடி. வில்லெடுத்தவன் மனசாட்சி அவ்வளவுதான். நான் இரக்கமில்லாதவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அண்ணனுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பியபின் வெண்பா என்னிடம் வந்தாள். "அங்கிள், டிட் அப்பா சே எனிதிங்?" என்று கேட்டாள். இல்லம்மா என்றேன். விசாரித்த ஆபீசரிடமும் அதையேதான் சொல்லியிருந்தேன். மான் என்று நினைத்து அடித்தேன், சத்தம் எதுவும் கேட்கவில்லை, இறங்கிப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது என்று. அவர்கள் வேட்டை லைசென்ஸைப் பறித்தார்கள், அபராதம் போட்டார்கள், விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். ஆனால் பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ரத்தம் மெதுவாகத்தான் போயிருக்கிறது என்று எழுதியிருப்பதாக சண்முகப்ரியாவிடம் சொன்னீர்களாம். மெதுவாக என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்டீர்களாம். அதற்குப் பதில் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

அன்று அந்த சோயா பண்ணையில் மரத்து மேல் பரணில் உட்கார்ந்துதான் வேட்டை. அவருக்கு வடக்கோரத்து மரம், எனக்கு ஓடைப்பக்கத்து மரம். விடிந்தும் விடியாத வெளிச்சம். ஆள் என்று தூரத்திலேயே தெரிவதற்கான ஆரஞ்சு உடுப்பு வில் வேட்டைக்குக் கட்டாயமில்லை. அவர் அந்தப் பழுப்பு ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். ஆறு ஐம்பதுக்குப் புதர் ஓரத்தில் பழுப்பாக ஒன்று குனிந்து நகர்ந்தது. எழுபது கெஜம் இருக்கும். முப்பதுக்கு மேல் அடிக்கக் கூடாது. ஆனால் கை தானாகவே இழுத்து நின்றது. நடுக்கமே இல்லை. இரண்டு வருஷமாகக் கைக்கு நான் சொல்லிக்கொடுத்தது அதுதானே. அம்பு போன அழகைப் பார்த்து ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். மறைக்கவில்லை.

அவர் ஏன் தன் மரத்தை விட்டு இறங்கினார் என்று எனக்குத் தெரியாது. குளிருக்குக் கால் மரத்துப்போயிருக்கலாம்.

அம்பு பட்டபின் அரை மணி நேரம் மரத்தை விட்டு இறங்கக் கூடாது என்று ஒரு முறை உண்டு. உடனே போனால் அடிபட்ட மான் மிரண்டு ஓடும், எங்கோ போய் வதைபட்டுச் சாகும். விட்டுவிட்டால் அங்கேயே படுத்துக்கொள்ளும். வேட்டை வகுப்பிலேயே சொல்லித்தருவார்கள். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் கேட்ட சத்தத்தைக் காக்கை என்று நினைத்தேன். இரண்டாவது முறை "நஞ்சப்பா" என்று கேட்டது.

இறங்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். கால் வரவில்லை, அண்ணி. சாக்குச் சொல்வதாக நினைக்காதீர்கள். விழாமலிருக்க இடுப்பை மரத்தோடு கட்டியிருந்த பெல்ட்டின் கொக்கியைக் கழற்றவே விரல் வரவில்லை. இறங்கினால் அது அண்ணன். இறங்காதவரை அது மான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

ஃபோனை நைன் ஒன் ஒன் அடிக்கத்தான் எடுத்தேன். சிக்னல் நன்றாக இருந்தது. மூன்று வாரத்தில் எனக்கும் சண்முகப்ரியாவுக்கும் பையனுக்கும் கிரீன் கார்டு இன்டர்வியூ. பதினோரு வருஷக் காத்திருப்பு. முகிலனுக்கு இருபத்தொன்று ஆக ஐந்து மாதம்தான் இருந்தது. அதற்குள் கார்டு வராவிட்டால் அவன் தனியாக வேறு விசாவுக்கு அலைய வேண்டும், இல்லை நாட்டை விட்டுப் போக வேண்டும். வேட்டையில் ஆளைக் காயப்படுத்தினால் கிரீன் கார்டு என்ன ஆகும் என்று தட்டித் தேடினேன். நாலைந்து வக்கீல்களின் பக்கங்கள் வந்தன. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லவில்லை. எல்லாவற்றையும் படித்தேன்.

படித்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவது முறை கூப்பிட்டார். இந்த முறை கொஞ்சம் பொறுமையாக, தூரத்தில் இருக்கும் ஆளுக்குப் புரியவைப்பது போல.

"நஞ்சப்பா, நாந்தான். திருமூர்த்தி. மானில்ல."

கோபம் இல்லை அந்தக் குரலில். நான் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருக்கிறார். கடைசி வரைக்கும் அவர் என்னைப் பற்றித் தப்பாக நினைக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏழு இருபதுக்கு இறங்கினேன். கொக்கி ஒரே இழுப்பில் கழன்றது. சோயாச் செடிகளுக்கு நடுவே நடந்து போய்ப் பார்த்தேன். தொடைக்கு மேலே பட்டிருந்தது. தன் பெல்ட்டை உருவி அவரே இறுக்கக் கட்டப் பார்த்திருக்கிறார். உடம்பு சூடாகத்தான் இருந்தது. ஏழு இருபத்திரண்டுக்கு ஃபோன் பண்ணினேன். பதினோரு நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. நல்ல பிள்ளைகள். ஓடித்தான் வந்தார்கள்.

இன்டர்வியூ நல்லபடியாக முடிந்தது. கார்டு போன புதன்கிழமை வந்தது. அதற்காகத்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். இந்தத் தாளை ஆபீசரிடம் கொடுப்பதென்றால் கொடுங்கள். நான் மறுக்க மாட்டேன். அன்றைக்கும் என் கையில் ஒன்றும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. வெண்பாவிடம் நான் சொன்னது பொய். அண்ணன் நாலாவது முறையும் கூப்பிட்டார். ஏழு ஐந்து இருக்கும்.

"வர்றியா, நஞ்சப்பா?" என்றார்.

"வர்றேனுங்கண்ணா" என்று நானும் குரல் கொடுத்தேன். காடு அமைதியாக இருந்தது, அவருக்கு நிச்சயம் கேட்டிருக்கும். ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்தேன். இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. உட்கார்ந்திருந்தேன்.

அப்பா பயந்துகொண்டு போகவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள், அண்ணி. ஆள் வந்துகொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையோடுதான் போனார். அந்த நிம்மதியையாவது நான் அவருக்குக் கொடுத்தேன்.