குழிக்குள்ள பூசணிப்பூ

ஜீவிதா: …கத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இதைக் குடிச்சிருங்க. தொண்டை கட்டிரும்.

பிராங்க்ளின்: என்ன அது?

ஜீவிதா: டீ.

பிராங்க்ளின்: இஞ்சி டீயா?

ஜீவிதா: …கொஞ்சமாத்தான் போட்டேன்.

பிராங்க்ளின்: ஏன் ஜீவி, நம்ம நாகல் நகர்ல சாதா டீ குடிக்கக் கூடாதுன்னு எதும் உத்தரவு போட்ருக்காங்களா? காலையில இஞ்சி, சாயங்காலம் இஞ்சி…

ஜீவிதா: மார்கழிப் பனிங்க. உடம்புக்கு நல்லது.

பிராங்க்ளின்: நீ ஆவணியில ஆரம்பிச்ச. அப்பவே மார்கழிப் பனி பேஞ்சுச்சா?

ஜீவிதா: குடிங்கன்னா குடிக்கணும். மேட்சு நடத்த வந்த மனுசன், டம்ளரோட சண்டை போட்டுக்கிட்டு…

பிராங்க்ளின்: இன்னொண்ணு. கீழ்வீட்டு பாஸிலா அக்காவுக்கு என்ன ஆச்சு? இப்ப பந்தல்ல என்னையப் பாத்த உடனே, பக்கத்துல இருந்த ஃபயாஸ் பாயைப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்குறாங்க. ‘இவரைப் பாத்துக் கத்துக்கங்க, இவரைப் பாத்துக் கத்துக்கங்க’ன்னு. பாவம், பாய் என்னைய முறைக்கிறாரு. நான் என்ன பண்ணேன்?

ஜீவிதா: நல்ல மனுசன்னு சொல்லிருப்பாங்க.

பிராங்க்ளின்: எதுக்கு?

ஜீவிதா: டீ ஆறுது.

ஆண்டிச்சாமி: அண்ணே! டீச்சரக்கா! இங்கிட்டா இருக்கீக? செத்த நேரம் இப்பிடி வாங்க. ஒரு… ஒரு சின்னப் பிரச்சனை.

பிராங்க்ளின்: என்ன ஆண்டி? கூட்டம் வரலையா?

ஆண்டிச்சாமி: கூட்டமெல்லாம் குஜிலியம்பாறையே காலியாகி எங் காட்டுலதான் நிக்குது. எரியோட்டுலருந்து டீச்சரக்கா கிளப்புப் பயலுகளும் ரெண்டு வேன்ல வந்து இறங்கிட்டாய்ங்க. அது இல்லண்ணே… குழியைக் காணோம்.

பிராங்க்ளின்: எந்தக் குழிய?

ஆண்டிச்சாமி: பந்து விழுகணும்ல, அந்தக் குழிய. கடைசிக் குழிய.

பிராங்க்ளின்: நேத்து சாயங்காலம் நான் நாற்காலியில உக்காந்து காட்ட, நீதான தோண்டுன?

ஆண்டிச்சாமி: தோண்டுனேன். புல்லு இல்லாத காட்டுல பந்து உருளணும்னா களம் மாதிரி சாணி மெழுகுறதுதான் வழின்னு நீங்க சொன்னீக. எம் பொண்டாட்டி ஒச்சம்மா, பக்கத்துக் காட்டுப் பொம்பளைகளயும் கூட்டிட்டு வந்து மெழுகிட்டா. கண்ணாடியாட்டம் இருக்கு. அதுல ஒரு கொறை சொல்ல முடியாது.

பிராங்க்ளின்: அப்புறம் என்ன?

ஆண்டிச்சாமி: விடியக்காலம் வந்து பாத்துருக்கா. மெழுகுன தரை… நடுவுல அழகா ஒரு குழி… மார்கழி மாசம்…

ஜீவிதா: அய்யய்யோ. கோலம் போட்டாளா?

ஆண்டிச்சாமி: கோலத்தோட விட்டாளா? குழிக்குள்ள சாணிய உருட்டி வச்சு, மேல பூசணிப்பூவ சொருகிட்டா. ‘இதுக்குத்தான குழி தோண்டுனீக’ங்கிறா!

ஜீவிதா: ஹய்யோ… என்னால முடியல… வயிறு வலிக்குது…

பிராங்க்ளின்: சிரிக்காத ஜீவி! ஏலே ஆண்டி, போயி அந்தப் பூவை எடு.

ஆண்டிச்சாமி: நானா? வீட்டுல சோறு திங்க வேணாமா நான்? இருபத்தோரு புள்ளிக் கோலம்ணே. பொம்பளைக சுத்தி நிக்கிறாளுக, எவனாவது கால் வச்சுருவானான்னு பாத்துக்கிட்டு.

ஜீவிதா: ஏங்க, பூவ எடுக்க வேணாம். பந்து பூவுல பட்டுச்சுன்னா குழியில விழுந்த கணக்கு. சரியா?

பிராங்க்ளின்: உலகத்துல எங்கயும் இப்பிடி ஒரு சட்டம் கிடையாது.

ஜீவிதா: உலகத்துல எங்கயும் கபடிக்காரங்க கோல்ஃப் ஆடுறதும்தான் கிடையாது.

ஆண்டிச்சாமி: அதான பாத்தேன். அக்கா, நானும் கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன். ரெண்டு ஊருக் கிளப்பும் பொறந்ததுலருந்து கபடி. நீங்க ஏன் கோல்ஃப்புன்னு புடிவாதமா நின்னீக?

ஜீவிதா: போன வருசம் எதுக்கு மேட்சு வச்சோம்?

ஆண்டிச்சாமி: இதே காரியத்துக்குத்தான். காயம்பட்ட ஜவான்களுக்கு.

ஜீவிதா: என்ன நடந்துச்சு?

ஆண்டிச்சாமி: …எங்காளுக நாலு பேரு காயம்பட்டாய்ங்க.

பிராங்க்ளின்: உங்காளு கடிச்சதுல எரியோட்டுக்காரன் காது!

ஆண்டிச்சாமி: அது அவன் காதுன்னு தெரியாதுண்ணே, தூசி…

ஜீவிதா: அதான் கோல்ஃப். யாருக்கும் ஆடத் தெரியாது, யாரும் யாரையும் தொட வேணாம். தெரிஞ்ச ஒரே ஆளு நம்ம வீட்டுலயே இருக்காரு. பட்டாளத்துல கர்னலுக்கு மட்டைப் பை தூக்கித் தூக்கியே கத்துக்கிட்டவரு. அந்தக் கர்னல் இப்ப கொடைக்கானல்ல இருக்காரு, பரண்ல கெடந்த மட்டைய எல்லாம் குடுத்துவிட்டாரு. போதுமா?

ஆண்டிச்சாமி: போதும். மட்டைன்ன உடனே ஞாபகம் வருது, அந்தப் பெரிய பைய நான் தூக்கிட்டு வாரேண்ணே…

பிராங்க்ளின்: தொடாத!

ஆண்டிச்சாமி: கனமா இருக்குமே…

பிராங்க்ளின்: தொடாதங்கிறேன்ல! வெளிய கெடக்குற மட்டைய எடுத்துக்க. அந்தப் பை என் நாற்காலிக்குப் பக்கத்துலயே இருக்கட்டும்.

ஜீவிதா: விடு ஆண்டி. பட்டாளத்துச் சொத்து.

*

பிராங்க்ளின்: முகேஷ்குமாரு! இது கபடி இல்ல, மூச்ச விடு! ஆங்… அடிச்சு முடிக்கிறப்ப உடம்பு எடை பூரா இடது கால்ல போய் நிக்கணும். இடது கால நம்பு! நம்பி நில்லு!… அட போச்சு.

ஆண்டிச்சாமி: எங்க போச்சு?

ஜீவிதா: கருவேல மரத்துக்குள்ள. எடுக்கப் போனவன் முள்ளோட வாரான்.

ஆண்டிச்சாமி: இம்புட்டு நேரம் ஆடி, ரெண்டு கிளப்பும் சமம். ஒருத்தனும் சண்டை போடல. எனக்கே பயமா இருக்குக்கா.

ஜீவிதா: இனிமேத்தான் முக்கியமான ஆட்டம். போயி காயம்பட்ட ஜவான்க நாலு பேரையும் கூட்டிட்டு வா.

ஆண்டிச்சாமி: அதைச் சொல்லத்தான் வந்தேன். அக்பர் அலி அண்ணன், பாக்கியராஜ் அண்ணன், நாலு பேரும் பந்தல்லயே உக்காந்துருக்காங்க. எந்திரிக்க மாட்டேங்கிறாங்க.

ஜீவிதா: ஏனாம்?

ஆண்டிச்சாமி: வெக்கம். ‘ஒத்தக் கையோட நான் மட்டையத் தூக்கி, சனம் உச்சுக் கொட்டவா’ங்கிறாரு அக்பர் அலி அண்ணன். பாக்கியராஜ் அண்ணன், ‘மாஸ்டர் ஏன் நாற்காலிய விட்டு எந்திரிக்கல, மொதல்ல அவரு அடிக்கட்டும்’ங்கிறாரு.

பிராங்க்ளின்: நான் நடுவருப்பா. நடுவரு ஆடக் கூடாது.

ஜீவிதா: ஏங்க.

பிராங்க்ளின்: வேணாம் ஜீவி.

ஜீவிதா: சனம் இந்தக் காட்டுக்கு வந்தது நம்ம பயலுக முள்ளுக்குள்ள பந்து தேடுறதப் பாக்கவா? இவங்க ஆடுறதப் பாக்கத்தான் சீட்டு வாங்கிருக்காங்க. செயற்கைக் காலு, கையி வச்சவங்க பழகுறதுக்கு நம்ம திண்டுக்கல்லயே ஒரு கூடம் வேணும்னு மேடையில நீங்கதான பேசுனீங்க? பழகுறதுக்கு ஆளே எந்திரிக்கலைன்னா கூடம் யாருக்கு?

பிராங்க்ளின்: அது வேற.

ஜீவிதா: காலையிலருந்து இடது கால நம்பு, இடது கால நம்புன்னு தொண்டை கிழியக் கத்துறீங்க…

பிராங்க்ளின்: அவன்களுக்கு இருக்கு, நம்புறான்ங்க! எனக்கு முட்டிக்குக் கீழ என்ன இருக்கு?

ஆண்டிச்சாமி: …அண்ணே, நான் அங்கிட்டுப் போயிட்டு வரட்டா?

பிராங்க்ளின்: நில்லுடா. போன கிறிஸ்துமஸுக்கு இவ சொன்னான்னுதான் புதுக் கால மாட்டிட்டு சர்ச்சுக்குப் போனேன். படியில உருண்டேன். விழுந்தது கூட வலிக்கல ஆண்டி. ஊரே ஒத்த வாயா ‘அய்யோ பாவம்’னுச்சு பாரு… பட்டாளத்துல கண்ணிவெடி வெடிச்சன்னைக்குக் கூட எனக்கு அம்புட்டு வலி இல்ல. வந்து கழட்டி கட்டிலுக்கு அடியில போட்டேன். அதோட சரி.

ஆண்டிச்சாமி: எங்க சனம் அப்பிடிச் சொல்லாதுண்ணே.

பிராங்க்ளின்: எல்லாச் சனமும் சொல்லும்.

ஜீவிதா: சரி. வேணாம். நான் மைக்கப் புடிச்சு, ஆட்டம் முடிஞ்சுது, சாப்பிடப் போங்கன்னு சொல்லிர்றேன். ஆண்டி, பந்தியில சோறு, வெஞ்சனமெல்லாம் ரெடியா?

ஆண்டிச்சாமி: ரெடிதான், ஆனா…

பிராங்க்ளின்: இரு.

ஜீவிதா: என்னங்க?

பிராங்க்ளின்: இருன்னேன்… அக்பர் அலி இங்கயேதான பாத்துக்கிட்டிருக்காரு?

ஜீவிதா: கண்ண எடுக்கல.

பிராங்க்ளின்: …ஆண்டி. அந்தப் பையத் தொற.

ஆண்டிச்சாமி: தொடாதன்னீக?

பிராங்க்ளின்: இப்ப தொடு.

ஆண்டிச்சாமி: இந்தா… மட்டை… இன்னொரு மட்டை… துண்டு சுத்தி என்னமோ… யாத்தே! அண்ணே! உள்ள ஒரு காலு இருக்கு! செருப்போட!

பிராங்க்ளின்: கத்தாதடா. என் காலுதான். ஜீவி… அது வந்து… சும்மா கெடக்கட்டுமேன்னுதான் எடுத்துட்டு வந்தேன். நீ ஒண்ணும் நினைச்சுக்காத.

ஜீவிதா: நான் என்ன நினைக்கப் போறேன்? குடுங்க, புடிச்சுக்கிறேன்.

பிராங்க்ளின்: அடச்சே! உள்ள மாட்டுற உறைய வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். போச்சு. அது இல்லாம மாட்டுனா உரசிரும்…

ஜீவிதா: பையோட சைடு ஜிப்புல இருக்கு. துவைச்சது.

பிராங்க்ளின்: …சைடு ஜிப்புலயா? யாரு வச்சா?

ஜீவிதா: சனம் பாத்துக்கிட்டிருக்கு. மொதல்ல மாட்டுங்க.

*

ஆண்டிச்சாமி: நின்னுட்டாரு… டீச்சரக்கா, ஊன்றுகோலத் தூக்கிப் போட்டுட்டாரு!

ஜீவிதா: தெரியுது. பேசாம இரு.

ஆண்டிச்சாமி: மட்டைய ஓங்கிட்டாரு…

ஜீவிதா: இடது காலுங்க… இடது காலு…

ஆண்டிச்சாமி: அடிச்சாரு! அடியாத்தி, பந்தப் பாருங்க! எங்க போகுது… பூவத் தாண்டி… பந்தியத் தாண்டி… என் வைக்கோல் படப்புல போயி சொருகிருச்சு! அய்யோ, அண்ணன் விழுந்துட்டாரு!

ஜீவிதா: நகரு! ஏங்க! அடிபட்டுச்சா? எங்க வலிக்குது? சொல்லுங்க…

பிராங்க்ளின்: ஜீவி…

ஜீவிதா: சொல்லுங்க…

பிராங்க்ளின்: சனம் என்னமோ கத்துதே, என்ன கத்துது?

ஜீவிதா: என்னது?

பிராங்க்ளின்: கேளு.

ஆண்டிச்சாமி: ‘அவுட்டு! அவுட்டு!’ன்னு கத்துறாய்ங்கண்ணே. கபடிக்காரப் பயலுக… விழுந்தா வேற என்ன சொல்லத் தெரியும்? ஏலே, நிறுத்துங்கடா…

பிராங்க்ளின்: நிறுத்தச் சொல்லாத! நல்லாக் கத்தட்டும். அய்யோ… ஹஹ… சிரிச்சா விலா வலிக்குது… அவுட்டாம்ல, ஜீவி! ஒருத்தனாவது அய்யோ பாவம்னானா?

ஜீவிதா: ஒருத்தரும் சொல்லல. எந்திரிங்க. உடம்பெல்லாம் புழுதி.

ஆண்டிச்சாமி: அண்ணே, அங்க பாருங்க! அக்பர் அலி அண்ணன் எந்திரிச்சுட்டாரு. சட்டைக் கையைப் பல்லுல கடிச்சு மடக்கிக்கிட்டு வாராரு. ‘மாஸ்டர விட ஒரு முழம் தள்ளி அடிக்கலைன்னா என் பேரு அக்பர் அலி இல்ல’ங்கிறாரு! பின்னாடியே பாக்கியராஜ் அண்ணனும்… நாலு பேரும் வாராங்கண்ணே! நான் போயி மட்டைய குடுக்குறேன்!

பிராங்க்ளின்: போ, போ. பூசணிப்பூ பத்திரம்!… ஜீவி, கையக் குடு. இல்ல, வேணாம், நானே… ஆங். பாத்தியா?

ஜீவிதா: பாத்தேன்.

பிராங்க்ளின்: ஏ புள்ள, அழுகுறியா?

ஜீவிதா: தூசி.

பிராங்க்ளின்: நீ விடியக்காலம் புள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் குடுக்க பஸ் ஏறிப் போயிர்றேல்ல… அப்ப தினமும் நம்ம வீட்டுக் கூடத்துல இந்தக் கால மாட்டி நடந்து பழகுனேன். விழாம நடந்துட்டு உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். கோவமா?

ஜீவிதா: எனக்கென்ன கோவம்?

பிராங்க்ளின்: ஆனா அந்த உறை… உனக்கு எப்பிடித் தெரியும்?

ஜீவிதா: ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி காயப்போட்டா எனக்குத் தெரியாதாக்கும்? அதுவும் போக, ஆவணியிலயே பாஸிலா அக்கா என்னைய மறிச்சுக் கேட்டாங்க. ‘நீ போனதுக்கப்புறம் தினமும் மாடியில டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்குதே, என்னா ஜீவிதா’ன்னு.

பிராங்க்ளின்: அய்யய்யோ. நீ என்ன சொன்ன?

ஜீவிதா: எங்க வீட்டுக்காரரு எனக்கு டீ போட இஞ்சி இடிக்கிறாருன்னு சொன்னேன்.

பிராங்க்ளின்: …அடிப்பாவி! அதான் தினமும் இஞ்சி டீயா? அதான் ஃபயாஸ் பாய் என்னைய முறைக்கிறாரா? நான் என்னைக்குடி உனக்கு இஞ்சி இடிச்சேன்?

ஜீவிதா: வேற என்னத்தங்க சொல்றது? நீங்க கால் பழகுறதுதான் எனக்கே தெரியாதே!