ஊரே விட்டுவிட்டதாகச் சொன்ன புகையிலை

சிங்கவரம் பெருமாளைச் சேவித்துவிட்டு, செஞ்சியில் பஸ் ஏறினேன். முன்சீட்டுப் பெரியவர் பக்கத்திலிருந்த மகளிடம் சொன்னார்: "புகையிலைய நான் இன்னும் வுடலம்மா."

"இன்னா நைனா? வுட்டுட்டேன்னு என் ஆராய்ச்சி பாரத்துல எழுதிக் குடுத்தியே!"

"ஊருல ஒருத்தரும் வுடல. நீ பேசித்தான் வுட்டோம்னு சொல்லச் சொன்னது நான்தான். நம்ம பொண்ணு பெரிய பட்டம் வாங்கட்டுமேன்னு."

"அத நம்பித்தான் புற்றுநோய் தடுப்பு ஆராய்ச்சியில நாளைக்கு வேலைக்குச் சேரப் போறேன்."

"அதான் வெக்கமா இருக்குது."

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"வேலைக்கு வரலன்னு சொல்லிடறேன். மறுபடியும் வீடு வீடா கேக்கறேன். மொதல்ல நீ சொல்லு, தெனம் எத்தினி வாட்டி?"

"எட்டு," என்றார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

பிரசாதத் துளசியோடு என் மடியில் முடிந்திருந்த புகையிலையை நான் தொடவேயில்லை.