தென்னூர்ச் சுவரில் ஒரு கண்ணாடித் துண்டு

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் சார். உங்கள் தலைக்கு மேலே தெரிவது வெறும் பூச்சு விரிசல்தான்; தாராளமாக உட்காரலாம். இருபது வருடமாகக் கட்டடங்களின் பாதுகாப்பைச் சோதித்து வருபவன் சொல்கிறேன்.

தென்னூர்க் கடை வரிசைக்கு 'ஆபத்தான கட்டடம்' என்று நான் சான்று கொடுத்தது உண்மை. மக்கள் பாதுகாப்பை முன்னிட்டு அங்கே ஏழு மாடி வணிக வளாகம் வரவிருந்தது. அடிக்கல் தயார், பந்தல் தயார், தலைவர்கள் வரும் தேதியும் தயார். கட்டடம் மட்டும் ஆபத்தாக இருக்கத் தயாராக இல்லை. என் சான்று கொஞ்சம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

மற்றவர்கள் காலி செய்துவிட்டார்கள். தையல்கடை டோரதி மட்டும் மறுத்தார். கணவர் இல்லை, கடைதான் பிழைப்பு. அவர் சுவரிலிருந்த பழைய விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்ட் வைத்து ஒட்டினேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும்.

"இது உடைஞ்சா நானே போயிடறேங்க சார்," என்றார். நியாயமான பெண்மணி.

தினமும் அதைத் துடைத்து வைத்தார். மூன்று வாரமாகியும் உடையவில்லை.

"விரலால ஒரு தட்டு தட்டிட்டு வாங்களேன்," என்றார் கான்ட்ராக்டர் வளவன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சோதனையில் கை வைக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. ஆகவே, மழைநீர் வடிகால் என்று சொல்லி, அந்தச் சுவரின் அஸ்திவாரத்தை ஒட்டி ஆறடிப் பள்ளம் வெட்டச் சொன்னேன். இரண்டு லாரி தண்ணீரையும் அதில் விடச் சொன்னேன்.

வியாழக்கிழமை மதியம் டோரதி போன் செய்தார். "சார், கண்ணாடி உடைஞ்சிடுச்சுங்க. மிஷினை எடுத்துக்கிட்டு வெளிய போயிடட்டுமா?"

"எதையும் தொடாதீங்கம்மா. நான் வந்து போட்டோ எடுக்கணும். அதுவரைக்கும் யாரும் கை வச்சிடாம பக்கத்துலயே நின்னு பாத்துக்குங்க."

அந்தச் சுவர் அதிக நேரம் தாங்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஸ்ரீரங்கத்து வீட்டில், என் தட்டில் தயிர் சாதம் மீதி இருந்தது. சாப்பிட்டு, கை கழுவி, காவிரிப் பாலத்து நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் சுவர் விழுந்துவிட்டது. சொன்ன இடத்திலேயே நின்றிருக்கிறார். அவ்வளவு பொறுப்பான மனுஷியை நான் பார்த்ததில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

பள்ளம் வெட்டச் சொன்னது நான். நிற்கச் சொன்னதும் நான். எழுதிக்கொள்ளுங்கள். விரலால் ஒரு தட்டு தட்டியிருந்தால் அந்த அம்மா மிஷினோடு வெளியேறிப் பிழைத்திருப்பார் என்கிறீர்கள். அது மோசடி இல்லையா, சார்?